வகுப்பு நடவாத பாடங்கள்: வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டும் நிருவாகமும் செய்தித்தொடர்பும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவின் சேப்பல் ஹில் நகரில் அமைந்துள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில், 1993 முதல் 2011 வரையிலான காலத்தில், வகுப்பே கூடாத பாடங்களில் 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் மதிப்பெண் பெற்றனர். மாணவர் தொகையில் சிறுபான்மையினரான விளையாட்டு வீரர்கள் அப்பாடங்களின் பதிவுகளில் ஏறத்தாழச் சரிபாதியாக இருந்தனர். அம்முறைகேடு இயங்கிய விதம், நிருவாக அமைப்பு அதனைக் காணாதிருந்தமைக்கான காரணங்கள், செய்தி வெளிப்பட்ட பின் பல்கலைக்கழகம் வெவ்வேறு தரப்பினரிடம் கையாண்ட சொற்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. செய்தித்தொடர்பு என்பது நடந்து முடிந்த ஒன்றை அறிவிக்கும் பணியாக மட்டும் அங்கு அமையவில்லை. எது முறைகேடு, எது முறைகேடன்று என்பதை வரையறுக்கும் ஆற்றலாகவும் அது செயற்பட்டது என்பதே கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: பல்கலைக்கழக நிருவாகம், கல்லூரி விளையாட்டு, மாணவ விளையாட்டு வீரர், காகித வகுப்பு, செய்தித்தொடர்பு, அங்கீகாரம்

முன்னுரை

பல்கலைக்கழகம் வழங்கும் மதிப்பெண் பட்டியல் ஒரு சாட்சியப் பத்திரம். இன்ன மாணவர் இன்ன பாடத்தை இன்ன ஆசிரியரிடம் கற்றார், இன்ன தரத்தில் தேறினார் என்று நிறுவனம் தன் பெயரால் உறுதி கூறுகிறது. வேலை தருவோரும் பிற பல்கலைக்கழகங்களும் அதை நம்புவதற்கு வேறு ஆதாரம் கேட்பதில்லை. அச்சாட்சியம் பதினெட்டு ஆண்டுகள் பொய்யாக இருந்ததைக் கண்டறிந்த நிறுவனம் ஒன்று அதனை எவ்வாறு ஒப்புக்கொண்டது, எவ்விடத்தில் ஒப்புக்கொள்ள மறுத்தது என்பதை அறிவது உயர்கல்வியைப் பற்றி ஆராய்வோருக்கு இன்றியமையாதது.

வட கரோலினாப் பல்கலைக்கழகம் எளிதில் ஒதுக்கத்தக்க நிறுவனமன்று. 1789இல் பட்டயம் பெற்று 1795இல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட அது, அமெரிக்காவின் மிகப் பழைய அரசுப் பல்கலைக்கழகங்களுள் ஒன்று. கூடைப்பந்தில் அதற்கு இணையான புகழுடைய பல்கலைக்கழகங்கள் அந்நாட்டில் மிகச் சிலவே. 1961 முதல் 1997 வரை பயிற்சியாளராக இருந்த டீன் ஸ்மித்தின் காலத்தில் 1982, 1993 ஆகிய ஆண்டுகளில் தேசிய வாகைப் பட்டம் வென்றது. மைக்கேல் ஜோர்டான் அங்குதான் ஆடினார். வெற்றியும் கல்வித் தரமும் ஒருங்கே இயலும் என்பதற்குத் தாங்களே சான்று என அப்பல்கலைக்கழகத்தார் பெருமிதம் கொண்டிருந்தனர். 'கரோலினா வழி' என்றே அதற்குப் பெயரிட்டிருந்தனர். பின்னர் நேர்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இப்பெருமிதத்தை முதலில் கருத்திற் கொள்ள வேண்டும்.

'மாணவ விளையாட்டு வீரர்' என்னும் சொல்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு, கல்லூரி வளாகத்துக்குள் நடைபெறும் பெருவணிகம். தொலைக்காட்சி உரிமம், நுழைவுச்சீட்டு, முன்னாள் மாணவர்களின் நன்கொடை ஆகியவற்றின்வழி வருவாய் ஈட்டும் விளையாட்டுத் துறை தனக்கெனத் தனி வரவுசெலவுத் திட்டமும் தனி இயக்குநரும் கொண்டு இயங்குகிறது. அமெரிக்கக் கால்பந்தும் ஆடவர் கூடைப்பந்துமே பெரும்பாலான வருவாயைத் தருவன. இவ்வமைப்பை ஒழுங்குபடுத்தும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1906இல் தோன்றியது. கால்பந்துக் களத்தில் மாணவர்கள் இறப்பது மிகுந்தபோது, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் தலையீட்டை ஒட்டி உருவானது அது.

'மாணவ விளையாட்டு வீரர்' என்ற தொடரைப் பரப்பியது இச்சங்கமே. 1950களில், ஆட்டத்தில் அடிபட்டு இறந்த கொலராடோ மாணவர் ஒருவரின் மனைவி தொழிலாளர் இழப்பீடு கோரினார். விளையாடுவதற்காக உதவித்தொகை பெறுபவர் பணியாளரா என்பதே வழக்கின் மையம். அன்று சங்கத்தின் நிருவாக இயக்குநராக இருந்த வால்டர் பையர்ஸ், இத்தகைய கோரிக்கைகளை எதிர்கொள்ளவே அத்தொடரைத் தாங்கள் உருவாக்கிக் கட்டாயமாக்கியதாகப் பிற்காலத்தில் எழுதினார். 1957இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்தது. ஆக, வீரர் முதலில் மாணவர், பின்னரே ஆட்டக்காரர் என்ற வரையறை சட்டத் தேவையிலிருந்து பிறந்தது. பிறந்த வகை எதுவாயினும் அதற்கொரு விளைவு உண்டு. வீரருக்குக் கூலி இல்லை, கல்வியே கூலி. அக்கல்வி மெய்யானதாக இல்லையெனில் அந்த ஒப்பந்தத்தில் வீரர் தரப்புக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

சேப்பல் ஹில்லில் எழுந்த முந்தைய எச்சரிக்கைகள்

இச்சிக்கலை அப்பல்கலைக்கழகம் அறியாமலிருந்தது என்று கூற இயலாது. 1930களில் அதன் தலைவராக இருந்த ஃபிராங்க் போர்ட்டர் கிரகாம், விளையாட்டுத் திறனுக்காக உதவித்தொகை வழங்குவதைத் தடைசெய்யும் திட்டம் ஒன்றை முன்வைத்தார். தென்மாநிலப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டமைப்பு 1936இல் அதனை ஏற்றது. முன்னாள் மாணவர்களின் கடும் எதிர்ப்பால் நெடுநாள் நிற்கவில்லை. 1961இல் கூடைப்பந்து ஆட்டங்களில் வீரர்கள் சூதாடிகளிடம் பணம் பெற்றுப் புள்ளிகளைக் குறைத்த செய்தி வெளியானபோது, பல்கலைக்கழக அமைப்பின் தலைவர் வில்லியம் ஃபிரைடே, மாநிலமே கொண்டாடிய 'டிக்சி கிளாசிக்' போட்டித்தொடரை நிறுத்தினார். அரசியலாளர் பலர் அதற்காக அவரை மன்னிக்கவில்லை. பின்னர் 1989இல் தொடங்கிய நைட் ஆணையத்தின் இணைத்தலைவராக இருந்து, கல்லூரி விளையாட்டைத் துணைவேந்தர்களின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என வற்புறுத்தியவரும் அவரே.

ஃபிரைடே 2012 அக்டோபர் 12 அன்று காலமானார். அந்நாள் பல்கலைக்கழகத்தின் நிறுவன நாள். அப்போது அவருடைய பல்கலைக்கழகம், அவர் அஞ்சியதினும் பெரிய ஒன்றின் நடுவில் நின்றிருந்தது.

காகித வகுப்பு இயங்கிய முறை

முறைகேடு நிகழ்ந்த இடம் ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்கவியல் துறை. துறைத்தலைவர் ஜூலியஸ் நியாங்கோரோ 1992 முதல் 2011 வரை அப்பொறுப்பில் இருந்தார். ஆயினும் அம்முறையைத் தொடங்கி நடத்தியவர் ஆசிரியர் அல்லர்; துறையின் அலுவலக நிருவாகி. முன்னாள் நீதித்துறை அதிகாரியான கென்னத் வெயின்ஸ்டீன் 2014 அக்டோபர் 22 அன்று வெளியிட்ட அறிக்கை இதன் செயல்முறையை விரிவாக எடுத்துரைக்கிறது. அவருடைய குழு 126 பேரை விசாரித்தது. 16 இலட்சம் மின்னஞ்சல்களையும் ஆவணங்களையும் திரட்டியது.

தொடக்கத்தில் இவை 'தனிநிலை ஆய்வு'ப் பாடங்களாக இருந்தன. ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலில் மாணவர் தனித்துப் படித்துக் கட்டுரை எழுதுவது இவ்வகைப் பாடத்தின் இயல்பு. எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இது உண்டு. இங்கோ வழிகாட்டும் ஆசிரியர் இல்லை. மாணவர் அலுவலக நிருவாகியிடம் பெயரைப் பதிவுசெய்வார், தலைப்பொன்றைப் பெறுவார், பருவ முடிவில் கட்டுரை ஒன்றை ஒப்படைப்பார். அதற்கு மதிப்பெண் இடுபவரும் அந்நிருவாகியே. கட்டுரையின் முன்னுரையும் முடிவுரையும் பார்க்கப்படும்; இடையில் உள்ளவை பெரும்பாலும் படிக்கப்படுவதில்லை. முதல் தரமோ உயர்ந்த இரண்டாம் தரமோ கிடைக்கும்.

தனிநிலை ஆய்வுப் பாடங்களை ஒரு மாணவர் எத்தனை எடுக்கலாம் என்பதற்கு வரம்பு இருந்தது. அவ்வரம்பைக் கடக்க 1999 முதல் புதியதொரு வழி கண்டறியப்பட்டது. அதே பாடங்கள் 'விரிவுரை வகுப்பு' என்ற பெயரில் கால அட்டவணையில் ஏற்றப்பட்டன. கூடும் வகுப்பறையோ, விரிவுரையாற்றும் ஆசிரியரோ இல்லாத இத்தகைய விரிவுரை வகுப்புகள் 188 இருந்தன என்கிறது அறிக்கை. பதிவாளர் அலுவலகத்தின் ஆவணங்களில் அவை பிற வகுப்புகளைப் போன்றே தோற்றமளித்தன. இவ்விடத்தில் சற்று நிற்பது தகும். முதல் வகையில் விதி தளர்ந்தது; இரண்டாம் வகையில் ஆவணமே பொய்யானது. ஒரு நிறுவனத்தின் ஏடு பொய் சொல்லத் தொடங்கியதும், அந்த ஏட்டை மட்டும் பார்த்துக் கண்காணிக்கும் எவருக்கும் எதுவும் தென்படாது.

இக்கட்டுரைகளுள் 150ஐத் தேர்ந்து சோதித்தபோது 61இல் குறைந்தது கால் பங்கு பிறர் எழுத்தாக இருந்தது. அவற்றைக் கண்டுபிடிப்பதற்குப் படிப்பவர் ஒருவர் தேவைப்பட்டிருப்பார், அவர் இல்லை.

அலுவலக நிருவாகி இதன்வழிப் பணம் ஈட்டியதாக அறிக்கை கூறவில்லை. படிப்பில் தடுமாறும் மாணவர்பால் அவர் கொண்ட இரக்கமும் பல்கலைக்கழக அணிகளின்மீது அவருக்கிருந்த பற்றும் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. தாமும் அதே பல்கலைக்கழகத்தில் பயின்றபோது போதிய துணை கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. இரக்கம் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கற்பிக்காமல் தேர்ச்சி தருவதை இரக்கம் என்று ஏற்றால், கற்பிக்கும் கடமை உடையோர் அனைவரும் அக்கடமையிலிருந்து விடுபட்டுவிடுகின்றனர். அறிக்கையின் இப்பகுதி பலராலும் விரைந்து கடக்கப்பட்டது. ஆசிரியர்கள் நின்று படிக்க வேண்டிய பகுதி இதுவே எனலாம்.

பயன் பெற்றோர் யாவர்? காகித வகுப்புப் பதிவுகளில் 47 விழுக்காட்டுக்குச் சற்று மேல் விளையாட்டு வீரர்களுடையவை. வளாகத்தின் மொத்த மாணவர் தொகையில் அவர்கள் 4 விழுக்காட்டினரே. வீரர்களின் பதிவுகளுள் பாதிக்கு மேற்பட்டவை கால்பந்து அணியினருடையவை. ஏறத்தாழ 12 விழுக்காடு ஆடவர் கூடைப்பந்து அணியினருடையவை. எஞ்சிய பாதியில் மாணவர் சங்க விடுதிகளில் எளிய பாடம் என்று கேள்வியுற்று வந்தோரும் இருந்தனர். இவ்வெஞ்சிய பாதி பின்னர் பல்கலைக்கழகத்துக்குப் பெரிதும் கைகொடுத்தது.

வீரர்களை அங்கு அனுப்பியோர் அவர்களுக்கெனப் பணியாற்றிய கல்வி ஆலோசகர்கள். போட்டியில் கலந்துகொள்ளக் குறைந்தபட்சத் தரப்புள்ளி வேண்டும். பயிற்சியும் பயணமும் போக எஞ்சும் நேரம் சொற்பம். அந்த அழுத்தத்துக்கு மருந்தாக இப்பாடங்கள் அமைந்தன. காகித வகுப்பின் மதிப்பெண்ணால் ஏதேனும் ஒரு பருவத்திலாவது 2.0 என்ற எல்லைக்கு மேல் நின்றவர்கள் 329 பேர்; அவர்களுள் 169 பேர் வீரர்கள். 2009இல் அலுவலக நிருவாகி ஓய்வு பெறவிருந்தபோது, கட்டுரைகளை அதற்குமுன் ஒப்படைத்துவிடும்படி ஆலோசகர்கள் விரைவுபடுத்தினர். அவ்வாண்டு நவம்பரில் கால்பந்துப் பயிற்சியாளர்களுக்குக் காட்டப்பட்ட படவில்லை ஒன்றில், வகுப்புக்குச் செல்லவோ குறிப்பெடுக்கவோ விழித்திருக்கவோ தேவையில்லாத பாடங்கள் இனி இல்லை என எழுதப்பட்டிருந்தது. அப்பருவத்தில் அணியின் சராசரித் தரப்புள்ளி 2.121. பத்தாண்டுகளில் அதுவே மிகக் குறைவு. நெடுங்காலம் மூடியிருந்த ஒன்றை இவ்வெண் ஒரே பருவத்தில் திறந்து காட்டிற்று.

நிருவாகம் காணாதது

வீரர்களுக்கான கல்வித்துணை அலுவலகம் அமைப்பு வரைபடத்தில் கலை அறிவியல் கல்லூரியின்கீழ் இருந்தது. ஆனால் அதற்கு நிதி தந்ததும் இடம் தந்ததும் விளையாட்டுத் துறை. இரு தலைமைகளுக்கு உட்பட்ட அலுவலகம் நடைமுறையில் எவருக்கும் உட்படுவதில்லை. கல்லூரி, விளையாட்டுத் துறை பார்த்துக்கொள்ளும் என்று இருந்தது; விளையாட்டுத் துறை, பாடம் பற்றிய வினாக்கள் ஆசிரியர்களுக்கு உரியவை என்று இருந்தது.

ஆப்பிரிக்க அமெரிக்கவியல் துறையின் நிலையும் இத்தகையதே. முதுநிலைப் பட்டப்படிப்பு இல்லாத துறை என்பதால் வெளி வல்லுநர் குழுவின் காலமுறை ஆய்வுக்கு அது உட்படவில்லை. 2000களின் நடுப்பகுதியில் தனிநிலை ஆய்வுப் பாடங்களின் எண்ணிக்கை மிகையாக இருப்பதைக் கல்லூரி நிருவாகம் கவனித்தது. ஒரே ஆசிரியரின் பெயரில் நூற்றுக்கணக்கானவை பதிவாகியிருந்தன. எண்ணிக்கையைக் குறைக்கும்படி அறிவுறுத்தியதோடு நிருவாகம் நின்றுவிட்டது. ஒருவர் ஓராண்டில் அத்தனை பேருக்கு எவ்வாறு வழிகாட்டினார் என்ற வினா எழுப்பப்படவில்லை. ஆசிரியரின் கல்விச் சுதந்திரத்தில் தலையிடலாகாது என்ற மரபு இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. கற்பிப்பவரைப் பாதுகாக்க ஏற்பட்ட மரபு, கற்பித்தலே நடவாத இடத்தைப் பாதுகாக்கவும் பயன்பட்டது.

அத்துறையின் பிற ஆசிரியர்களுக்கு நேர்ந்த இழிவையும் சொல்லாமல் விட இயலாது. கறுப்பின மாணவர்களின் போராட்டத்தின்வழிப் பல பல்கலைக்கழகங்களில் இடம்பெற்ற துறை அது. நேர்மையுடன் வகுப்பெடுத்த ஆசிரியர்களின் துறைப்பெயர் நாடெங்கும் ஏளனத்துக்கு உள்ளானது. ஏமாற்றப்பட்ட வீரர்களுள் பெரும்பாலோரும் கறுப்பினத்தவரே.

செய்தித்தொடர்பு: காத்தலும் பெயரிடுதலும்

2010இல் கால்பந்து வீரர் சிலர் முகவர்களிடம் பணமும் பயிற்றுநர் ஒருவரிடம் வரம்பு மீறிய எழுத்துதவியும் பெற்றதைத் தேசியச் சங்கம் விசாரிக்கத் தொடங்கியது. பத்திரிகைகள் ஆவணங்களைக் கேட்டன. 1974ஆம் ஆண்டின் குடும்பக் கல்வி உரிமைகள், தனியுரிமைச் சட்டத்தைக் காட்டிப் பல்கலைக்கழகம் மறுத்தது. மாணவரின் கல்விப் பதிவுகளைக் காக்க ஏற்பட்ட அச்சட்டத்தின்கீழ், வீரர்களின் வாகன நிறுத்த அபராதச் சீட்டுகளும் பயிற்சியாளர்களின் தொலைபேசி எண்களும் அடங்கும் என்பது அதன் வாதம். 2011இல் மாநில நீதிபதி ஹோவர்ட் மானிங் அதனை ஏற்கவில்லை. அபராதச் சீட்டு கல்விப் பதிவாகாது என்பதை ஒரு நீதிமன்றம் அறிவிக்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டு, அணியிலிருந்து நீக்கப்பட்ட வீரர் ஒருவர் பல்கலைக்கழகத்தின்மீது வழக்குத் தொடுத்தார். தம் தரப்பு ஆவணமாக அவர் அளித்த பாடக் கட்டுரையில் பெரும்பகுதி எழுத்துத் திருட்டு என்பதைப் போட்டிப் பல்கலைக்கழகத்தின் ரசிகர்கள் கண்டறிந்தனர். ஒழுங்கு நடவடிக்கை எடுத்த பல்கலைக்கழகம் அதனைக் கண்டிருக்கவில்லை. தொடர்ந்து, இராலே நகரின் 'நியூஸ் அண்டு அப்சர்வர்' நாளிதழின் செய்தியாளர் டான் கேன், முழுப் பருவம் ஒன்றைக்கூடப் பயிலாத வீரர் ஒருவர் உயர்நிலைப் பாடத்தில் சிறந்த மதிப்பெண் பெற்றதை வெளியிட்டார். நியாங்கோரோ துறைத்தலைமையிலிருந்து விலகினார். கால்பந்துப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். 2012 மார்ச்சில் தேசியச் சங்கம் கால்பந்து அணிக்குத் தண்டனை விதித்தது. ஆனால் அது முகவர், பயிற்றுநர் விவகாரங்களுக்காக. வகுப்புகள் அப்போதும் பல்கலைக்கழகத்தின் 'உள்விவகாரமாகவே' இருந்தன.

2012 மே மாதம் வெளியான அகமதிப்பீடு, 2007 முதல் 2011 வரையிலான காலத்தில் 54 வகுப்புகளில் முறைகேட்டைக் கண்டது. அடுத்து ஆசிரியர் குழு ஒன்று அறிக்கை தயாரித்தது. அதன் வரைவில், அலுவலக நிருவாகிக்கு விளையாட்டுத் துறையினரோடு இருந்த நெருக்கத்தைக் கூறும் சொற்றொடர் ஒன்று இருந்தது. தேசியச் சங்கத்தின் கவனம் மேலும் திரும்பக்கூடும் என்ற கவலையைத் தெரிவித்து ஆசிரியர் அவைத் தலைவர் அனுப்பிய மின்னஞ்சலை அடுத்து அச்சொற்றொடர் மென்மையாக்கப்பட்டது. ஓராண்டு கழித்து, பொது ஆவணச் சட்டத்தின்கீழ்ப் பெறப்பட்ட மின்னஞ்சல்களின்வழியே இது வெளியில் தெரிந்தது. பொய் எதுவும் எழுதப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு தொடர் நீங்கியது. அதோடு விளையாட்டுக்கும் வகுப்புக்கும் இடையிலான தொடர்பும் அறிக்கையிலிருந்து நீங்கியது.

2012 டிசம்பரில் முன்னாள் ஆளுநர் ஜேம்ஸ் மார்ட்டின் அளித்த அறிக்கை இக்கோட்டை நிலைநிறுத்தியது. இது விளையாட்டு முறைகேடன்று, கல்வி முறைகேடு என்பது அவர் முடிவு. வீரரல்லாத மாணவரும் அவ்வகுப்புகளில் இருந்தனர் என்பதே அதற்கு அடிப்படை. துறைத்தலைவரும் அலுவலக நிருவாகியும் அவரிடம் பேசவில்லை. ஆகவே நோக்கம் பற்றி முடிவுகூறத்தக்க இருவரின் சாட்சியமின்றியே நோக்கம் பற்றிய முடிவு எட்டப்பட்டது. 'விளையாட்டு அன்று, கல்வி' என்னும் அத்தொடர் பின்வந்த ஆண்டுகளில் பல்கலைக்கழகத்தின் அரணாயிற்று. கல்வி நிறுவனம் ஒன்று, கெட்டது கல்வி மட்டுமே என்று கூறி ஆறுதல் கொண்ட விந்தையை இங்குக் காணலாம்.

வேந்தர் ஹோல்டன் தார்ப் 2012 செப்டம்பரிலேயே பதவி விலகும் முடிவை அறிவித்திருந்தார். (அங்கு வேந்தரே வளாகத்தின் நிருவாகத் தலைவர், தமிழ்நாட்டில் துணைவேந்தர் ஆற்றும் பணி அவருடையது.) 2013இல் கேரல் ஃபோல்ட் பொறுப்பேற்றார். மக்கள்தொடர்பு நிறுவனங்களும் வழக்குரைஞர்களும் அமர்த்தப்பட்டனர். முறைகேட்டின் தொடர்பில் பல்கலைக்கழகம் செய்த செலவு காலப்போக்கில் ஒரு கோடி டாலரைத் தாண்டியது.

2014 சனவரியில் வீரர்களின் கல்வித்துணை அலுவலகத்தில் முன்பு பணியாற்றிய மேரி வில்லிங்காம், தம் ஆய்வின் முடிவைத் தொலைக்காட்சியில் வெளியிட்டார். 2004 முதல் 2012 வரை சோதிக்கப்பட்ட 183 வீரர்களுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரின் வாசிப்புத்திறன் நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான நிலையில் இருந்தது என்றார். பல்கலைக்கழகம் தரவுகளை மறுத்தது. அத்தேர்வைக் கொண்டு வகுப்பு நிலையை முடிவு செய்ய இயலாது என வெளியிலிருந்து அழைக்கப்பட்ட வல்லுநர் மூவரும் கூறினர். அம்மறுப்பில் முறையியல் வலு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் வில்லிங்காம் எழுப்பிய மைய வினா அத்தேர்வைச் சார்ந்ததன்று. காகித வகுப்புகளைப் பற்றி அவர் கூறியவை மெய் என்பதைப் பத்து மாதங்களில் வெயின்ஸ்டீன் அறிக்கை உறுதிசெய்தது. அதற்குள் அவர் பணியிலிருந்து விலகியிருந்தார். 2015இல் அவர் தொடுத்த வழக்கில் 3,35,000 டாலர் தந்து பல்கலைக்கழகம் சமரசம் செய்துகொண்டது.

வெயின்ஸ்டீன் அறிக்கையைப் பல்கலைக்கழகம் மறைக்கவில்லை. வேந்தர் முன்னிலையிலேயே அது வெளியிடப்பட்டது. ஒன்பது பணியாளர்மீது நடவடிக்கை அறிவிக்கப்பட்டது. ஆவணங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. நான்காண்டுக் காலச் செய்தித்தொடர்பில் மிக நேரிய நாள் அதுவே.

ஒரு சொல், இரு முகவரிகள்

நேர்மை நீடிக்கவில்லை. அறிக்கைக்குப் பின் பல்கலைக்கழகம் இரு வேறு அமைப்புகளுக்கு விடை கூற வேண்டியிருந்தது. முதலாவது, தென்மாநிலக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் ஆணையம். அங்கீகாரம் பறிபோனால் நடுவணரசின் கல்வி உதவிநிதி நின்றுவிடும். அவ்வாணையத்துக்கு அளித்த விளக்கத்தில் பல்கலைக்கழகம், நடந்தது கல்வி மோசடி என்ற சொல்லையே ஆண்டது. அது நெடுங்காலம் நீடித்ததை ஏற்று, திருத்த நடவடிக்கைகளை விரித்துரைத்தது. ஆணையம் 2015 சூனில் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்து, 2016 சூனில் அதனை நீக்கியது. பட்டம் பெற்றுச் சென்ற மாணவர் சிலருக்கு, விரும்பினால் கட்டணமின்றி மீண்டும் ஒரு பாடம் பயிலும் வாய்ப்பும் முன்பே அளிக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது, தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். 2015இல் குற்றச்சாட்டு அறிக்கை வந்தது. 2016இல் இருமுறை திருத்தப்பட்டது. இங்கு மோசடி என்ற சொல் ஆபத்தானது. அதனை ஏற்றால் அவ்வகுப்புகளால் தகுதி பெற்ற வீரர்கள் ஆடிய ஆட்டங்கள் செல்லாதவையாகலாம். 2005, 2009 ஆண்டுகளின் கூடைப்பந்து வாகைப் பட்டங்களும் வினாவுக்கு உள்ளாகலாம். ஆகவே வாதம் வேறாயிற்று. அவ்வகுப்புகள் எல்லா மாணவர்க்கும் திறந்திருந்தன, கட்டுரைகள் எழுதப்பட்டன, மதிப்பெண் இடப்பட்டது, அன்றிருந்த பல்கலைக்கழக விதிகள் அவற்றைத் தடைசெய்யவில்லை, எனவே வீரருக்கெனத் தனிச்சலுகை எதுவும் இல்லை. அங்கீகார ஆணையத்துக்கு எழுதியதைச் சுட்டிக்காட்டி வினவியபோது, அம்மடலில் அச்சொல் இடம்பெற்றது எழுத்துப்பிழை என்று பல்கலைக்கழகத் தரப்பு விளக்கியது.

2017 அக்டோபர் 13 அன்று சங்கத்தின் விதிமீறல் குழு தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகத்தின் நிலைமாற்றத்தைக் குழு நன்கு கண்டது; அதைப் பற்றிய கசப்பு தீர்ப்பில் தெரிகிறது. ஆனால் ஒரு பாடம் பாடந்தானா என்பதை முடிவுசெய்வது உறுப்புப் பல்கலைக்கழகத்தின் உரிமை என்பது சங்கத்தின் சொந்த விதி. பல்கலைக்கழகமே அவை பாடங்கள் என்று கூறும்போது குழுவினால் மாறாக முடிவுசெய்ய இயலவில்லை. விசாரணைக்கு ஒத்துழைக்காத நியாங்கோரோமீது மட்டும் ஐந்தாண்டுக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பல்கலைக்கழகத்துக்கோ அணிகளுக்கோ தண்டனை இல்லை. அவ்வாண்டு ஏப்ரலில் வென்ற புதிய வாகைப் பட்டத்தின் கொடி பழையவற்றோடு சேர்ந்து தொங்கியது.

சட்ட நோக்கில் இவ்வாதத்தைக் குறைகூற இயலாது என்போர் உளர். விதியை எழுதியது சங்கம், அதைப் பயன்படுத்திக்கொண்டது பல்கலைக்கழகம் என்பது அவர்கள் கருத்து. விதியைப் பொறுத்தவரை அது சரியே. எனினும் அவ்வாதம் மறைத்த மாந்தர் இருவகையினர். ஒருவர், கல்வியே கூலி என நம்பி வந்து, படிக்கக் கற்பிக்கப்படாமலே திரும்பிய வீரர். அவருடைய மதிப்பெண் செல்லும் என்று பல்கலைக்கழகம் வாதாடியது அவருக்காக அன்று. மற்றவர், அதே வளாகத்தில் இரவு விழித்துப் படித்து, அதே துறையில் மெய்யான வகுப்பில் அமர்ந்து, தாழ்ந்த மதிப்பெண் பெற்ற மாணவர். இருவர் பட்டியலிலும் பாடத்தின் பெயர் ஒன்றாகவே இருக்கும்.

பின்வந்த மாற்றங்கள்

'மாணவ விளையாட்டு வீரர்' என்னும் வரையறை அதன்பின் வேறு திசையிலிருந்து தளர்ந்தது. 2021 சூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்வி சார்ந்த பயன்களுக்குச் சங்கம் விதித்த வரம்பு போட்டிச் சட்டத்துக்கு முரணானது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்ட இசைவு கிடைத்தது. 2025 சூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாடு ஒன்றின்படி, பல்கலைக்கழகங்கள் தம் விளையாட்டு வருவாயை வீரர்களுடன் நேரடியாகப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கின. கூலி வந்துவிட்டது, கூலியாகச் சொல்லப்பட்ட கல்வி என்ன ஆகும் என்பது இனி ஆராயத்தக்கது.

சேப்பல் ஹில்லில் நடைமுறைகள் மாறின. தனிநிலை ஆய்வுப் பாடத்துக்கு ஆசிரியரும் மாணவரும் கையொப்பமிடும் ஒப்பந்தம் வேண்டும் என்றாயிற்று. மதிப்பெண் மாற்றத்துக்கு மேலொப்பம் தேவைப்பட்டது. துறைத்தலைவர்கள் மீளாய்வுக்கு உட்படுத்தப்பட்டனர். இவற்றோடு, கால அட்டவணையில் உள்ள வகுப்பு உரிய அறையில் உரிய நேரத்தில் கூடுகிறதா என்று முன்னறிவிப்பின்றிச் சென்று பார்க்கும் முறையும் வந்தது. வகுப்பின் நடுவே கதவருகில் வந்து நின்று, ஆசிரியரும் மாணவரும் உள்ளே இருக்கின்றனரா எனக் குறித்துச் செல்வதை ஆசிரியர் சிலர் விரும்பவில்லை.